டெக்கா போட்டால் முழங்கை வலி போகுமா? ஊசி போடும் முன் கேட்கிறேன்

ஈரோட்டுப் பையன்:

அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். வயது 26, எடை 72 கிலோ, நாலு வருஷமாக ஜிம் போகிறேன். பெஞ்ச் (படுத்தபடி பாரை மார்பிலிருந்து தள்ளுவது) 90 கிலோவிலேயே நிற்கிறது, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்குவது) 160 வரை வந்து அதற்கு மேல் நகரவில்லை. இதற்கு நடுவில் வலது முழங்கை மடிப்பில், முன்பக்கம், ஒரு வலி. கர்ல் போடும்போது பாரை இறக்குகிற நேரத்தில் சுருக்கென்று இழுக்கிறது, காலையில் பாட்டில் மூடி திருகினால்கூடத் தெரிகிறது. டெட்லிஃப்டுக்கு இடது கை உள்பக்கம் பார்க்கிற மாதிரியும் வலது உள்ளங்கை வெளியே பார்க்கிற மாதிரியும் மாற்றிப் பிடிப்பேன், அப்போதுதான் வலி அதிகம்.

எங்கள் ஜிம் மாஸ்டர் 12 வாரக் கோர்ஸ் ஒன்று சொல்கிறார். வாரம் 500 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், கூடவே டெக்கா, அதாவது நாண்ட்ரோலோன் என்கிற இன்னொரு தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசி. டெக்கா போட்டால் மூட்டில் தண்ணீர் ஊறும், வலி இருந்த இடம் தெரியாது, பெஞ்சும் நூறைத் தாண்டும் என்கிறார். எனக்கு அடுத்த வருஷம் ஆணழகன் போட்டிக்கு நிற்க ஆசை இருக்கிறது, அதனால் மனம் அலைபாய்கிறது. இன்னொரு பக்கம் நண்பன் ஒருவன், "எலும்பு டாக்டரிடம் போனால் வலிக்கிற இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார், அதுவும் இதுவும் ஒன்றுதான்" என்கிறான். உண்மையா? தை மாதம் கல்யாணம் பேசி வைத்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.

பளுக்காரன்:

தம்பி, போடும் முன் கேட்டாயே, அது போதும், மீதியைப் பேசிக்கொள்ளலாம். நான் பவர்லிஃப்டிங் பக்கம் ரொம்ப காலமாக இருப்பவன், சின்னப் பையன்களுக்குச் சொல்லியும் தருகிறேன், அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். நீ சொல்லும் இடம், மேல்கையின் முன்பக்கம் இருக்கிற பைசெப்ஸ் தசை முழங்கைக்குக் கீழே எலும்பில் போய் ஒட்டுகிற தசைநாண். தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம், தீனி போட்டால் சில வாரங்களில் பலம் காட்டும். தசைநாண் அப்படி இல்லை, பெரும்பகுதி கொலாஜன் நார், ரத்த ஓட்டம் குறைவு, மாறுவதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். குதிகால் தசைநாணின் நடுப்பகுதி 17 வயதுக்குப் பிறகு ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013-ல் டென்மார்க்கில் ஓர் ஆய்வில் கண்டுபிடித்தார்கள். 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 எவ்வளவு அந்த நாரில் தங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொன்னது அது. அதாவது இன்றைக்கு உன் கையில் இருக்கிற நாரின் உட்பகுதி பெரும்பாலும் பள்ளிக்கூடக் காலத்தில் கட்டியதாக இருக்கலாம், அதைக் கவனமாகத்தான் கையாள வேண்டும்.

இப்போது மருந்துக்கு வா. 1996-ல் அமெரிக்காவில் பாசின் என்ற மருத்துவர் குழு நடத்திய ஆய்வு ரொம்பப் பிரபலம், டெஸ்டோஸ்டிரோன் ஊசியை வாரம் 600 மில்லிகிராம் வீதம் 10 வாரம் கொடுத்தார்கள். ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு பெஞ்ச் சராசரியாக 22 கிலோ ஏறியது, ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 10 கிலோ. மாஸ்டர் சொல்கிற "நூறைத் தாண்டும்" பொய்யில்லை, தாண்டும். ஆனால் இரண்டு கூட்டத்தின் தசைநாணுக்கும் கிடைத்தது அதே 10 வாரம்தான். ஒருவன் 10 கிலோ கூடுதலுக்குப் பழக வேண்டும், இன்னொருவன் 22 கிலோவுக்கு. அதுவும் உனக்கு ஏற்கெனவே முனகிக்கொண்டிருக்கிற தசைநாண்.

இது வெறும் ஊகமும் இல்லை. 2015-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் 35 முதல் 55 வயதுக்குள் இருந்த அனுபவமுள்ள 142 உடற்கட்டு ஆட்களைக் கேட்டார்கள். ஸ்டீராய்டு போட்ட 88 பேரில் 19 பேருக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது தசைநாண் கிழிந்திருந்தது, போடாத 54 பேரில் 3 பேருக்கு. மேல் உடம்பை மட்டும் எடுத்தால் போட்டவர்களில் 15 பேர், போடாதவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்த ஆய்வில் எல்லோருமே வருஷக்கணக்கில் இரும்பு தூக்கியவர்கள் என்பதைக் கவனி.

அப்புறம் அந்தப் பிடி. மாற்றிப் பிடிக்கும்போது வெளியே பார்க்கிற கையின் பைசெப்ஸ்தான் கிழியும். பாரைத் தரையிலிருந்து வெடுக்கென்று இழுக்கிறவன் முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைத்திருப்பான், 160 கிலோ அதை நிமிர்த்தப் பார்க்கும், தசை மடக்கப் பார்க்கும், நடுவில் மாட்டுவது நீ வலி என்று சொல்கிற அதே இடம். இன்றைக்கே அந்தப் பிடியை விடு. இரண்டு கையும் உள்பக்கம் பார்க்கட்டும், பிடி தாங்கவில்லை என்றால் ஸ்ட்ராப் கட்டு, போட்டியில் தூக்கப்போகிறவனாக இருந்தால் ஹூக் கிரிப் (கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் அமுக்கிப் பிடிப்பது) பழகு.

சேலத்து ஜிம்:

அண்ணா, மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. எல்லோரும் கிழியும் கிழியும் என்றே சொல்கிறோம், மேடையில் நிற்கிற ஆட்களில் பெரும்பாலானவர்கள் எடுக்கிறார்கள், அவர்கள் எல்லோருக்கும் கை கிழிந்துவிட்டதா? நீங்கள் சொன்ன அதே 1996 ஆய்விலேயே பெரிய பிரச்சினை எதுவும் வரவில்லையே. அளவாகப் போட்டு, ரத்தப் பரிசோதனை செய்து, கோர்ஸ் முடிந்ததும் பிசிடி (உடம்பின் சொந்த ஹார்மோன் சுரப்பைத் திரும்பக் கொண்டுவர எடுக்கிற மாத்திரைகள்) எடுத்தால் போதும் என்றுதான் எனக்குத் தெரிந்த வரை. டெக்கா போட்டு மூட்டு வலி குறைந்தவர்கள் எங்கள் ஜிம்மிலேயே இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மருந்தாளுநர் கண்ணகி:

சேலத்துத் தம்பி சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 43 பேர், ஆரோக்கியமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஊசி தரமான மருந்து, கண்காணிப்பு மருத்துவமனைத் தரம், காலம் 10 வாரம். ஜிம் பையில் வருகிற குப்பியில் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கிருமி நீக்கப்பட்டதா என்று போடுகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டிக் கீறி எடுத்த பையன்கள் எத்தனை பேர் கடைக்கு டிரெஸ்ஸிங் துணி வாங்க வருகிறார்கள் தெரியுமா. ரத்தப் பரிசோதனை நல்லதுதான், ஆனால் தசைநாண் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது.

டெக்கா போட்டு வலி குறைந்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். உடம்பில் நீர் தங்கும், வலி அமுங்கும். ஆனால் வலி அமுங்கியதும் ஆறியதும் ஒன்றில்லையே. எலிகளில் அனபாலிக் (தசை கட்டும்) ஸ்டீராய்டு கொடுத்துப் பயிற்சியும் செய்ய வைத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில் தசைநாண் விறைத்துப்போய், முன்பைவிடக் குறைவாக நீண்டதுமே அறுந்தது. வலிதான் தம்பிக்கு இப்போது இருக்கிற ஒரே பிரேக். அதைப் பிடுங்கிவிட்டு வாரம் 500 மில்லிகிராமில் தசையை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

அடுத்து, ஈரோட்டுத் தம்பியின் நண்பர் சொன்னது தப்பு. ஜிம்மில் சொல்லும் ஸ்டீராய்டு டெஸ்டோஸ்டிரோன் குடும்பம், தசையைக் கட்டும். எலும்பு டாக்டர் மூட்டில் போடுவது டிரையாம்சினோலோன், மெத்தில்பிரட்னிசோலோன் மாதிரி கார்ட்டிசோன் குடும்பம், வீக்கத்தை அடக்கும், நாளாக நாளாகத் திசுவைக் கரைக்கும். இரண்டும் நேர் எதிர் வேலை செய்பவை. அந்த ஊசிக்கும் தேவை இருக்கிற இடம் உண்டு, ஆனால் தேய்ந்த தசைநாணில் அது எப்படி வேலை செய்கிறது என்று டென்னிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாண் வலி) நோயாளிகளில் பார்த்திருக்கிறார்கள், 2013-ல் வந்த ஆய்வு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது கார்ட்டிசோன் ஊசி போட்டவர்கள் போலி ஊசி போட்டவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். முதல் சில வாரம் சொர்க்கமாக இருக்கும், அந்தத் தெம்பில் பாரைத் தூக்குவார்கள், அங்கேதான் ஆபத்து.

கல்யாண விஷயம் சொன்னீர்கள், அதற்கு நேராகவே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்குக் கருத்தடை ஊசியாக எதைச் சோதித்துப் பார்த்தது தெரியுமா? இதே டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட்டைத்தான், வாரம் 200 மில்லிகிராம். 1990-ல் வந்த முடிவின்படி ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்தணு அடியோடு நின்றுபோனது. மாஸ்டர் சொல்வது அதைப்போல இரண்டரை மடங்கு, அதற்கு மேல் டெக்கா. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு வருஷம் தாண்டும். தையில் கல்யாணம் என்றால் அந்தப் பெண்ணுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

போட்டி விஷயம் ஒரு வரி: நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) பரிசோதனை நடக்கிற எந்தப் போட்டியாக இருந்தாலும் டெக்காவின் தடயம் ஒரு வருஷம் தாண்டியும் சிறுநீரில் பிடிபடலாம், முதல் தடவையே நாலு வருஷத் தடை வரை போகும்.

இன்னொரு கேள்வி, பதில் சொல்லுங்கள் தம்பி. வலி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா?

ஈரோட்டுப் பையன்:

அக்கா, இதைக் கேட்டதும் திக்கென்றது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்வந்து வயிற்றுப்போக்கு வந்தது, மருந்துக் கடையில் சொல்லி ஒரு பட்டை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். அட்டை இன்னும் பையில் கிடக்கிறது, ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் என்று இருக்கிறது. அதற்குப் பிறகுதான் முழங்கை தொடங்கியது என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

மருந்தாளுநர் கண்ணகி:

அதனால்தான் கேட்டேன். ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். இவை தசைநாணைப் பாதிக்கலாம், கிழியவும் வைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே கறுப்புப் பெட்டி எச்சரிக்கை (மருந்துக் குறிப்பில் வருகிற மிகக் கடுமையான எச்சரிக்கை) போட வைத்தது. அடிக்கடி மாட்டுவது குதிகால், ஆனால் தோள், கை, பைசெப்ஸ் எல்லாமே பட்டியலில் உண்டு. மாத்திரையை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். அறுபது தாண்டியவர்களுக்கும், கூடவே கார்ட்டிசோன் வகை மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். உங்களுக்கு இதனால்தான் வந்தது என்று யாரும் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, மாற்றிப் பிடித்து 160 தூக்குவதே போதுமான காரணம். ஆனால் டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். வயிறு சரியில்லை என்றால் இனி ஓஆர்எஸ் கரைத்துக் குடியுங்கள், காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் டாக்டரைப் பாருங்கள். கடையில் வாய்ச்சொல்லுக்கு ஆன்டிபயாடிக் பட்டை கொடுப்பது என் தொழிலில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம், இந்த மாதிரி ஒரு தம்பியைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

பிசியோ மதுரை:

பொறுமையாக எல்லாவற்றையும் படித்தேன். நான் செய்யச் சொல்வதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கையை 90 டிகிரி மடக்கி, உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை வெளிப்பக்கமிருந்து மடிப்பில் கொக்கி போல விடுங்கள். கயிறு மாதிரி இறுகிய ஒன்று விரலில் மாட்ட வேண்டும். இடது கையிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாட்டவில்லை என்றாலோ, எப்போதாவது "டப்" என்று சத்தம் கேட்டு மடிப்பில் ஊதாக் கறை படர்ந்து பைசெப்ஸ் மேலே சுருண்டு ஏறியிருந்தாலோ அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள். இதில் நாள் கடத்தக் கூடாது, முழுதாக அறுந்ததை இரண்டு மூன்று வாரத்துக்குள் தைப்பது சுலபம், அதற்குப் பிறகு தசை சுருங்கிவிடும், வேலை கடினமாகும். தைக்காமல் விட்டால் கையை மடக்கும் பலத்தில் சுமார் 30 சதவீதமும், ஸ்க்ரூ டிரைவர் திருப்புகிற பலத்தில் சுமார் 40 சதவீதமும் போகும். மாட்டினாலும் பாதிக் கிழிசல் இருக்கலாம், அதனால் வலி ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தால் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

முழுதாக இருக்கிறது, தேய்மானம் மட்டும்தான் என்று அவர் சொன்னால் ஓய்வு என்று கட்டிலில் படுக்க வேண்டாம். தசைநாண் கனத்துக்குத்தான் பதில் சொல்லும், மெதுவான கனத்துக்கு. முதல் இரண்டு வாரம் அசைக்காத பிடி: முழங்கை 90 டிகிரியில், கட்டைவிரல் மேலே பார்க்கிற மாதிரி டம்பெல்லைப் பிடித்து 45 விநாடி நிறுத்துங்கள், இரண்டு நிமிடம் ஓய்வு, ஐந்து தடவை. கை லேசாக நடுங்க வேண்டும், சுருக்கென்று இழுக்கக் கூடாது. இது பலருக்கு வலியையும் தணிக்கும்.

அதற்குப் பிறகு ஹேமர் கர்ல் (கட்டைவிரல் மேலே பார்க்க டம்பெல்லை மடக்கித் தூக்குவது), ஏற்ற மூன்று எண்ணிக்கை, இறக்க மூன்று எண்ணிக்கை, ஆட்டம் கூடாது. 15 ரெப் முடிகிற கனத்தில் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை ரெப்பைக் குறைத்துக் கனத்தைக் கூட்டி, 12-வது வாரத்தில் 6 ரெப் கனத்துக்கு வாருங்கள். வாரம் மூன்று நாள்தான், நடுவில் ஒரு நாள் கட்டாயம் விட வேண்டும். காரணம் இருக்கிறது: கனமாகத் தூக்கிய முதல் 24 முதல் 36 மணி நேரம் தசைநாணில் கொலாஜன் கட்டப்படுவதைவிட உடைவதுதான் அதிகம், அதற்குப் பிறகுதான் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். அந்த நேரத்துக்குள் மறுபடி கையை வைத்தால் கட்டுவதற்கு அவகாசமே இல்லை. தினமும் கைக்கு ஒரு உடற்பயிற்சி போடுகிற பையன்களுக்கு முழங்கை வலி தீராமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வலியை எப்படி அளப்பது? பத்துக்கு மூன்று நாலு வரை பயிற்சியின்போது இருக்கலாம். மறுநாள் காலையில் அதே பாட்டில் மூடியைத் திருகிப் பாருங்கள், முந்தைய நாள் காலையைவிட அதிகமாக வலித்தால் கனம் அதிகம், அடுத்த முறை குறையுங்கள். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள், இந்தத் தசைநாண் கிழிவதற்கும் புகைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பளுக்காரன்:

பிசியோ சொன்னதோடு பெஞ்ச் பக்கம் நான் சேர்க்கிறேன். தம்பி, வாரம் ஒரு நாள் மார்பு என்று வைத்து அன்றைக்கே உயிரைக் கொடுக்கிறாய் என்று நினைக்கிறேன், நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான். வாரம் இரண்டு நாளாகப் பிரி. ஒரு நாள் 60-62 கிலோவில் ஐந்து செட், எட்டு ரெப், ஒவ்வொன்றிலும் மார்பில் ஒரு நொடி நிறுத்தி எடு. இன்னொரு நாள் 75 சுற்றி நாலைந்து ரெப், எந்த செட்டிலும் கடைசி இரண்டு ரெப்பை உள்ளே மிச்சம் வை. அடிமார்புச் சதை கிழிவது பெரும்பாலும் பாரை வேகமாக விட்டு மார்பில் குதிக்க வைக்கிறபோதுதான், அதனால் இறக்குவதில் அவசரம் வேண்டாம். நாலைந்து வாரத்துக்கு ஒரு வாரம் செட்டைப் பாதியாக்கு.

ஜிம்மில் சின்னத் தட்டு இரண்டரை கிலோவாகத்தான் இருக்கும், இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. 90-ல் நிற்கிறவனுக்கு அது பெரிய படி. ஒன்றேகால் கிலோத் தட்டு ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள், கனம் 2.5 ஆக ஏறும்.

சாப்பாடு: உன் எடைக்கு ஒரு நாளைக்கு 115 கிராம் புரதம் போதும். முட்டை ஒன்றுக்கு ஆறு கிராம், சோயா உருண்டை காய்ந்தது 100 கிராமில் 50 கிராமுக்கு மேல், கோழி, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று கணக்குப் போட்டால் வீட்டிலேயே வந்துவிடும். கிரியேட்டின் தினம் 3 முதல் 5 கிராம் எடுக்கலாம், இந்தத் துறையில் நம்பி வாங்கக்கூடிய சில பொருட்களில் அது ஒன்று.

சேலத்து ஜிம்:

அக்கா சொன்ன கருத்தடை விஷயம் எனக்குத் தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை. ஒரு கேள்வி, ஏற்கெனவே ஒரு கோர்ஸ் நடுவில் இருப்பவர் என்ன செய்வது? எனக்கு வேண்டிய ஒருவருக்காகக் கேட்கிறேன்.

மருந்தாளுநர் கண்ணகி:

கேட்டது நல்லது தம்பி. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், என்ன போட்டார், எவ்வளவு, எத்தனை வாரம் என்று குப்பியோடு காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் போலீஸ் இல்லை, மறைத்தால்தான் அவரால் உதவ முடியாமல் போகும். ஹீமாடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), கொழுப்பு, ஈரல், எல்ஹெச் (விரையைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் பார்ப்பார், இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்க வேண்டாம். பிசிடி என்று கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதைவிட அவர் சொல்வதைக் கேட்பது மேல். நிறுத்தியதும் சில மாதம் மனம் ரொம்பச் சோர்ந்துபோகும், வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கட்டும், தனியாக விட வேண்டாம். அந்தக் காலத்தில் தூக்குகிற கனத்தையும் குறைக்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டுப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டு கையிலும் கயிறு மாட்டுகிறது, வலது பக்கம் தொட்டால் வலிக்கிறது. திங்கட்கிழமை மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் போகிறேன். மாஸ்டரிடம் கோர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர் முகம் கொஞ்சம் வாடியது, பரவாயில்லை. பிசியோ அக்கா, ஒரே ஒரு சந்தேகம்: இந்த 12 வாரமும் டெட்லிஃப்ட் அறவே கூடாதா?

பிசியோ மதுரை:

டாக்டர் கிழிசல் இல்லை என்று சொன்ன பிறகு செய்யலாம். இரண்டு கையும் உள்பக்கம் பார்க்கட்டும், ஸ்ட்ராப் கட்டுங்கள், முழங்கை நேராகக் கயிறு போலத் தொங்கட்டும், 100 கிலோவில் தொடங்குங்கள். பாரை எடுக்கும் முன் அதன் தொய்வை மெதுவாக இழுத்துவிட்டு அப்புறம் காலால் தரையைத் தள்ளுங்கள். பக்கத்திலிருந்து ஒரு வீடியோ எடுத்துப் போடுங்கள், முழங்கை மடங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.